கேள்வி பதில்: கல்லுல யார் பேரு இருக்கு, யார் பேரு இல்ல

போன இதழ்ல நம்ம புதுச்சேரி பீச் ரோடு வார் மெமோரியல்ல நவம்பர் 11 அன்னிக்கு நடந்த அஞ்சலி போட்டோவ போட்டோம், அதுலேர்ந்து வர்ற கடிதம் எல்லாம் போர் நினைவுச்சின்னம் பத்தியேதான் இருக்கு. அதனால இந்த தடவ சினிமா, சமையல், ஜோசியம் கேட்டவங்க ஒரு வாரம் பொறுத்துக்கணும், முழுசும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

என் பையன் அமெரிக்காவுல கிளீவ்லண்ட்ல வேலை பாக்கறான். போயிருந்தப்ப ஊரு நடுவுல பெரிய கல்தூண் ஒண்ணு காட்டினான், சோல்ஜர்ஸ் அண்ட் செய்லர்ஸ் மான்யுமென்ட்டாம். உள்ள சுவரு முழுக்க பேரு. உள்நாட்டுப் போர்ல செத்தவங்களுக்காமே? அண்ணன் தம்பி அடிச்சிக்கிட்டதுக்கு எதுக்கு சார் இவ்ளோ பெரிய தூண்?
வாசகர், முத்தியால்பேட்டை

ஐயா, நீங்க பார்த்தது 1894 ஜூலை 4 அன்னிக்கு திறந்தது, உயரம் 125 அடி. கட்டினவரு லீவை ஸ்கோஃபீல்டுன்னு ஒரு ஆர்க்கிடெக்ட், அவரே அந்த போர்ல சண்டை போட்டு வந்த ஆளு, அந்த வேலைக்கு அவர் சம்பளம் வாங்கல. உள்ள இருக்கிற பேரு 9000-க்கு மேல. ஆனா ஒரு திருத்தம், அது செத்தவங்க பேரு மட்டும் இல்ல, கயாஹோகா கவுன்டின்னு அந்த ஊரு அடங்கின மாவட்டத்துலேர்ந்து போருக்குப் போனவங்க பேரு, உயிரோட திரும்பி வந்தவங்களும் அதுல இருக்காங்க.

போர் நடந்தது 1861 ஏப்ரல்லேர்ந்து 1865 வரைக்கும். அடிமை முறைய விடமாட்டோம்னு தெக்குப் பக்க மாநிலங்க தனி நாடா பிரிஞ்சு போக, பிரிய விடமாட்டோம்னு லிங்கன் அரசாங்கம் நிக்க, சண்டை மூண்டுச்சு. ரொம்ப நாளா செத்தவங்க 6,20,000 பேருன்னு சொல்லிட்டு இருந்தாங்க, 2011-ல சென்சஸ் கணக்க வெச்சு ஒரு வரலாற்றுப் பேராசிரியர் திரும்பப் பார்த்துட்டு 7,50,000 கிட்ட இருக்கும்னு சொன்னாரு. அதுலயும் குண்டடி பட்டு செத்தவங்களவிட பேதி, டைஃபாய்டு மாதிரி நோயில செத்தவங்கதான் அதிகம், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அந்த காலத்துல சிப்பாய் கழுத்துல பேர் போட்ட தகடு கிடையாது. 1864-ல கோல்ட் ஹார்பர்ங்கிற எடத்துல மறுநாள் சண்டைல பொழைக்க மாட்டோம்னு தெரிஞ்ச பசங்க, தன் பேரையும் ஊரையும் துண்டுக் காகிதத்துல எழுதி கோட்டு முதுகுல குத்திக்கிட்டாங்கன்னு அங்க இருந்த அதிகாரியே எழுதி வெச்சிருக்காரு. போர் முடிஞ்சப்புறம் வடக்கு அரசாங்கம் காடு மேடெல்லாம் தோண்டி சுமார் 3 லட்சம் உடல எடுத்து தேசிய கல்லறைகள்ல திரும்பப் புதைச்சுது, அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பேர் தெரியல. வெறும் நம்பர் கல்லுதான்.

இன்னொண்ணு, அப்ப ரெஜிமென்ட்ட ஊரு ஊராத்தான் சேர்த்தாங்க, ஒரே தெருப் பசங்க, ஒரே ஸ்கூல் பசங்க எல்லாம் ஒரே கம்பெனில (ரெஜிமென்ட்டுக்குள்ள இருக்கிற பிரிவு) நிப்பாங்க, ஒரு நாள் சண்டைல அந்த கம்பெனி மாட்டிக்கிச்சுன்னா ஒரு ஊர்ல பாதி வீட்டுல எழவு விழும், ஆனா எடுத்துப் போட உடம்பு வராது. எங்கயோ ஆயிரம் மைல் தள்ளி பேரில்லாத குழில கிடக்கிற புள்ளைக்கு ஊர்ல ஒரு எடம் வேணும்ல, பூ வைக்க, அழ. அதுக்காகத்தான் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கல்லு நட்டாங்க. பணக்கார ஊரு 125 அடில வெச்சுது, பாஸ்டன்ல 1877-ல, இண்டியானாபொலிஸ்ல 1902-ல 284 அடிக்கு. ஏழை ஊரு கேட்டலாக்க பார்த்து ரெடிமேட் சிப்பாய் சிலை வாங்கி வெச்சுது, கனெக்டிகட்ல பிரிட்ஜ்போர்ட்டுல இருந்த ஒரு கம்பெனி துத்தநாகத்துல வார்த்து ஊரு ஊருக்கு அனுப்பிட்டு இருந்துச்சு, அதனாலதான் துப்பாக்கிய முன்னாடி ஊனிக்கிட்டு நிக்கிற அதே பையன் நூறு ஊர்ல நிக்கிறான். எனக்கு அந்த ரெடிமேட் பையன்தான் பெரிய தூணவிட மனச பிசையுது. மூஞ்சி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், கீழ பீடத்துல இருக்கிற பேருதான் அந்தந்த ஊருக்குச் சொந்தம்.

நமக்கு இது புதுசு இல்லீங்க. ஆநிரை மீட்கப் போயி செத்தவனுக்கு நடுகல் நட்டு, பேரும் பெருமையும் வெட்டி, மயில் பீலி சூட்டினது சங்க காலத்துலேர்ந்து நம்ம வழக்கம். செங்கம் பக்கம் போனா இன்னும் வயல் வரப்புல பாக்கலாம், செத்தவன் பேரு, எந்த சண்டை, எந்த ராசா காலம்னு வட்டெழுத்துல இருக்கும். அதுவும் பாதி பக்கத்து ஊருக்காரனோட போட்ட சண்டைதான். சண்டை சரியா தப்பாங்கிறது வேற பேச்சு, போன புள்ள பேரு ஊருக்குத் தெரியணும்ங்கிறது வேற.

சோல்ஜர்னா புரியுது. செய்லர் எங்கேர்ந்து வந்தாங்க? உள்நாட்டுப் போர்ல கடல்ல என்ன வேலை? எங்க வீட்டுல மூணு தலைமுறையா போட்டு, லாஞ்சுன்னு கடல்லயே பொழப்பு, அதான் கேக்கறேன்.
வாசகி, கடலூர் முதுநகர்

அம்மா, கேட்டதுக்கு சந்தோஷம், ஏன்னா போர்ப் படம் எடுக்கறவங்ககூட இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறதில்ல. தெக்குப் பக்கம் பருத்திய வித்துத்தான் துப்பாக்கி வாங்கணும், அதனால லிங்கன் போர் ஆரம்பிச்ச உடனே 1861 ஏப்ரல்லயே தெக்குத் துறைமுகம் எல்லாத்தையும் அடைக்கச் சொல்லிட்டாரு. கரை நீளம் 3500 மைல். கையில இருந்த போர்க்கப்பல் நூறுகூட இல்ல, அதுலயும் பாதி ஓட்டமில்லாம கட்டிக் கிடந்தது. போர் முடியறப்ப 600-க்கு மேல. மீன்பிடி கப்பல், சரக்குக் கப்பல், ஆத்துப் படகு எது கிடைச்சாலும் பீரங்கிய ஏத்தி கப்பப்படைல சேர்த்துட்டாங்க.

அந்த செய்லர் வாழ்க்கை எப்படின்னா மாசக்கணக்கா ஒரு துறைமுக வாயில நங்கூரம் போட்டுக்கிட்டு, ராத்திரில விளக்கில்லாம நழுவிப் போற கப்பல பிடிக்கணும், வெயிலு, உப்பு, ஒரே சாப்பாடு, காய்ச்சல். சிப்பாய்க்கு கிடைச்ச பேரும் புகழும் இவனுக்குக் கிடைக்கல. நினைவுச்சின்னத்துல செய்லர்னு தனியா சேர்த்து எழுதினது அந்தக் குறைய தீக்கத்தான்னு நான் நெனைக்கிறேன். முத்தியால்பேட்டைக்காரர் பார்த்த தூண் அடில நாலு பக்கமும் வெண்கலத்துல நாலு கூட்டம் நிக்கும், காலாட்படை, பீரங்கிப்படை, குதிரைப்படை, நாலாவது கப்பப்படை.

மானிட்டர்னு ஒரு இரும்புக் கப்பல், மேல சுத்துற பீரங்கிக் கூண்டு இருக்கும், 1862 மார்ச் 9-ல தெக்கோட இரும்புக் கப்பலோட மோதி உலகத்தையே திரும்பிப் பாக்க வெச்சுது, அது அந்த வருஷக் கடைசி நாள் ராத்திரி ஹேட்டராஸ் முனை கிட்ட புயல்ல மூழ்கிடுச்சு. 16 பேரு போயிட்டாங்க. 2002-ல அந்த பீரங்கிக் கூண்ட கடலடிலேர்ந்து தூக்கினப்ப உள்ள ரெண்டு பேரோட எலும்பு இருந்துச்சு. யாருன்னு கண்டுபிடிக்க மண்டை ஓட்ட வெச்சு முகம்கூட செஞ்சு பார்த்தாங்க, முடியல. 2013 மார்ச்ல ரெண்டு பேரையும் ஆர்லிங்டன் கல்லறைல ராணுவ மரியாதையோட அடக்கம் பண்ணி, அந்த 16 பேரு பேரையும் ஒரே கல்லுல வெட்டினாங்க. 150 வருஷம் கழிச்சு. தேவனாம்பட்டினத்துல டிசம்பர் 26 ஆனா கடல்ல பால் ஊத்தறப்ப உடம்பு கிடைக்காத வீட்டுக்காரங்க எப்படி நிக்கிறாங்கன்னு பார்த்த உங்களுக்கு இத விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

இன்னொரு சேதி, இது நம்ம பக்கத்துக் கடலு. அலபாமான்னு தெக்குப் பக்கத்துக் கப்பல் ஒண்ணு உலகம் பூரா சுத்தி வடக்கு வியாபாரக் கப்பல்களக் கொளுத்திட்டு இருந்துச்சு. 1864 ஜனவரில அது மலபார் கரைக்கே வந்துடுச்சு, எம்மா ஜேன்னு ஒரு கப்பல எரிச்சுட்டு அதுல இருந்த ஆளுங்கள நம்ம திருவனந்தபுரத்துக்கு வடக்கால இருக்கே அஞ்சுதெங்கு, அங்க எறக்கி விட்டுட்டுப் போச்சு. அமெரிக்காக்காரன் சண்டை கேரளா மீனவக் குப்பத்து வாசல் வரைக்கும் வந்திருக்கு. அதே வருஷம் ஜூன்ல பிரான்ஸ்ல ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளில அந்தக் கப்பலையும் மூழ்கடிச்சாங்க.

அந்த நினைவுச்சின்னங்கள்ல கறுப்பின வீரர்களுக்கு எடம் இருந்துச்சா? போரே அவங்க விடுதலைக்காகத்தானே?
கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, ரொம்ப சரியான எடத்துல கை வெச்சிருக்கீங்க. வடக்குப் படைல சுமார் 1,80,000 கறுப்பின சிப்பாய்ங்க இருந்தாங்க, கப்பப்படைல சுமார் 18,000 பேரு. சிப்பாய்ங்களுக்கு தனி ரெஜிமென்ட், வெள்ளைக்கார அதிகாரி, ஆரம்பத்துல சம்பளமும் கம்மி. கப்பல்ல மட்டும் எல்லாரும் கலந்துதான் இருந்தாங்க, ஒரே கப்பல்ல வேற வழி இல்ல, ஆனாலும் மேல் பதவி கிடையாது.

ராபர்ட் ஸ்மால்ஸ் பேரு கேள்விப்பட்டிருக்கீங்களா? சார்ல்ஸ்டன்ல அடிமை, பிளான்டர்னு ஒரு தெக்கு ராணுவக் கப்பல்ல சுக்கான் பிடிக்கிறவரு. 1862 மே 13 விடியக்காலைல வெள்ளைக்கார அதிகாரிங்க கரையில தூங்கப் போயிட்ட நேரம் பார்த்து, கேப்டன் தொப்பிய தலைல மாட்டிக்கிட்டு, தன் பொண்டாட்டி புள்ளைங்களையும் மத்த கப்பல்காரங்க குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு, வழில இருந்த கோட்டை ஒவ்வொண்ணுக்கும் சரியான விசில் சிக்னல் குடுத்து தாண்டி, வடக்குக் கப்பப்படை கிட்ட போயி கப்பலோட சேர்ந்துட்டாரு. அவருக்கு அப்ப 23 வயசு. பின்னாடி அமெரிக்க காங்கிரஸுக்கே ஜெயிச்சுப் போனாரு.

இவ்ளோ இருந்தும் ஊர் நடுவுல நிக்கிற சிலைங்கள்ல பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையன்தான். பாஸ்டன்ல 1897-ல ஷா மெமோரியல்னு ஒண்ணு திறந்தாங்க, 54-வது மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட், கறுப்பின வீரருங்க ரெஜிமென்ட், சிற்பி ஒவ்வொருத்தர் முகத்தையும் தனித்தனியா வார்த்திருக்காரு, அவ்ளோ அழகு. ஆனா பேரு வெட்டினது செத்துப்போன வெள்ளைக்கார அதிகாரிங்களுக்கு மட்டும். முகம் இருக்கு, பேரு இல்ல. கறுப்பின வீரருங்க பேர அதோட பின்பக்கம் சேர்த்தது 1980-கள்ல. நடுவுல 80 வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. எனக்கு இதப் படிச்சப்ப வந்த கோவம் இன்னும் போகல.

அந்தப் போரால நம்ம ஊருக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?
வாசகர், வில்லியனூர்

உண்டு. இங்கிலாந்து மில்லுக்குப் போன பருத்தில முக்காவாசிக்கு மேல அமெரிக்காவுலேர்ந்து வந்தது, அடைப்பு போட்டதும் அது நின்னுடுச்சு, உடனே இந்தியப் பருத்திக்கு வெறி பிடிச்ச மாதிரி வெல ஏறுச்சு. பம்பாய்ல பணம் கொட்டுச்சு, நம்ம பக்கம் திருநெல்வேலி, கோயமுத்தூர் கரிசல் விவசாயிக்கும் நாலு காசு வந்துச்சு. ஆனா நூல் வெல ஏறினதுல தறிக்காரன் அடிபட்டான், வாங்கி நெய்ய முடியல. 1865-ல போர் முடிஞ்சதும் வெல சரிஞ்சு பம்பாய்ல பெரிய பெரிய ஆளுங்களே திவால்.

தோத்துப்போன தெக்குக்காரங்களும் சிலை வெச்சாங்களாமே, இப்ப எடுத்துட்டாங்களாமே, அது நியாயமா?
வாசகர், பண்ருட்டி

வெச்சாங்க. ஆனா காலத்த கவனிங்க. போர் முடிஞ்ச கையோட கல்லறைல வெச்ச கல்லு வேற. ரிச்மண்ட்ல தெக்குப் படைத் தளபதி லீ குதிரை மேல உக்காந்த சிலை 1890-ல வந்துச்சு, 1900 ஒட்டி கோர்ட்டு வாசல் கோர்ட்டு வாசலா நிறைய சிலை வந்துச்சு, அதே நேரத்துலதான் அங்க கறுப்பின மக்களோட ஓட்டுரிமைய சட்டம் போட்டுப் பறிச்சிட்டு இருந்தாங்க. புள்ளைய பறிகொடுத்த வீட்டுக்காரி அழறதுக்கு வெச்ச கல்லு இல்ல அது, ஊருக்குள்ள யாரு பெரியவன்னு காட்ட வெச்சது. ரிச்மண்ட் லீ சிலைய 2021 செப்டம்பர்ல எறக்கினாங்க. எடுத்தது நியாயம்தான்ங்கிறது என் கருத்து, உங்களுக்கு வேற கருத்து இருந்தா எழுதுங்க, போடறேன்.

நம்ம பீச் ரோடு மெமோரியல் எந்தப் போருக்கு? எங்க தாத்தாவோட பெரியப்பா சொல்தாவா (பிரெஞ்சுப் படை சிப்பாயா) பிரான்ஸுக்குப் போனவரு திரும்பி வரலன்னு வீட்டுல சொல்வாங்க, பேரத் தவிர ஒண்ணும் தெரியாது. எப்படி தேடறது?
வாசகி, குருசுக்குப்பம்

அம்மா, நம்முளுது உள்நாட்டுப் போருக்கு இல்ல, 1914-18 உலகப்போருக்கு. பிரெஞ்சிந்தியாவுலேர்ந்து போயி உயிர விட்டவங்களுக்குன்னு பிரெஞ்சுல எழுதியிருக்கும், திறந்தது 1938-ல. ஜூலை 14, நவம்பர் 11 ரெண்டு நாளும் அங்க மாலை வைப்பாங்க.

தேட வழி இருக்கு, நம்பிக்கைய விடாதீங்க. பிரெஞ்சு ராணுவ அமைச்சகம் மெமுவார் தேஸோம்னு ஒரு வெப்சைட் வெச்சிருக்கு, முதல் உலகப்போர்ல பிரான்ஸுக்காக செத்தவங்க 13 லட்சம் பேருக்கு மேல ஆளுக்கு ஒரு கார்டு, காசு கிடையாது. கார்டுல பேரு, ரெஜிமென்ட், எங்க பொறந்தாரு, எந்தத் தேதி எங்க செத்தாரு, குண்டடியா நோயான்னு இருக்கும். சிக்கல் பேருலதான். நம்ம பேர பிரெஞ்சுக்காரன் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பான், முத்துசாமிய நாலு விதமா எழுதலாம், நாலையும் போட்டுப் பாருங்க. அப்படியும் வரலன்னா பொறந்த எடம்னு புதுச்சேரிய போட்டுத் தேடுங்க. உங்க குடும்பம் 1881-க்கு அப்புறம் பிரெஞ்சு சட்டத்துக்குக் கையெழுத்து போட்ட குடும்பமா இருந்தா குடும்பப் பேரே மாறியிருக்கும், வீட்டுப் பெரியவங்க கிட்ட பழைய பத்திரம், கல்யாண காகிதம் இருக்கான்னு கேளுங்க. பிரெஞ்சிந்தியா பொறப்பு எறப்பு ரிஜிஸ்டர் நிறைய எக்ஸ் அன் ப்ரொவான்ஸ்ல இருக்கிற ஆவணக் காப்பகத்தோட வெப்சைட்லயும் இருக்கு. நம்ம புஸ்ஸி வீதி ஃபுவாயே துய் சொல்தாவுல பழைய ராணுவக் குடும்பத்துக்காரங்க வந்து போவாங்க, அங்கயும் விசாரிக்கலாம். கார்டு கிடைச்சா ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டுல மாட்டுங்க, எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.

பிரெஞ்சுக்காரங்களுக்கு இவ்ளோ இருக்கு, கடலூர் மாவட்டத்துலேர்ந்து பிரிட்டிஷ் படைக்குப் போனவங்களுக்கு? எங்க கொள்ளுத்தாத்தா பஸ்ராவுல செத்ததா கேள்வி.
வாசகர், நெல்லிக்குப்பம்

இதுதான் மனசு கஷ்டமான பதில். ஈராக்குல இருக்கிற பஸ்ரா மெமோரியல்ல 40,000-க்கு மேல ஆளுங்களுக்கு அஞ்சலி, ஆனா கல்லுல பேர் வெட்டினது பிரிட்டிஷ்காரங்களுக்கும் இந்திய அதிகாரிங்களுக்கும்தான். சாதா இந்திய சிப்பாய்க்கு ரெஜிமென்ட் பேர போட்டு, கீழ இத்தன பேருன்னு எண்ணிக்கை. வேலூர் மணிக்கூண்டுல போய்ப் பாருங்க, இந்த ஊர்லேர்ந்து 277 பேரு போனாங்க, 14 பேரு உயிர விட்டாங்கன்னு கல்லு இருக்கு, அந்த 14 பேரு யாருன்னு அதுல இல்ல. 2021-ல காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே அறிக்கை விட்டு மன்னிப்பு கேட்டுச்சு, ஆசியா ஆப்பிரிக்காக்காரங்க குறைஞ்சது 1,16,000 பேரு, ஒருவேளை 3,50,000 பேரு வரைக்கும், பேர் சொல்லி நினைவுகூரப்படாமலோ அறவே விட்டுப்போயோ இருக்காங்கன்னு.

உங்க கொள்ளுத்தாத்தா பேர அந்த ஆணையத்தோட வெப்சைட்ல தேடுங்க, கல்லுல இல்லாத பேரு பல ரிஜிஸ்டர்ல இருக்கும். ரெஜிமென்ட் தெரிஞ்சா சுலபம், பயனியர்னு வீட்டுல யாராவது சொல்லியிருந்தா மெட்ராஸ் பயனியர்ஸ்லேர்ந்து ஆரம்பிங்க, சாப்பர்னா மெட்ராஸ் சாப்பர்ஸ். பேரே கிடைக்கலன்னா, உங்க கிட்ட இருக்கிற பென்ஷன் புக்கு, மெடல், எது இருந்தாலும் வெச்சு ஆணையத்துக்கு எழுதலாம், விட்டுப்போன பேர சேக்கறாங்க. மெடல் இருந்தா அதோட விளிம்ப நல்ல வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, நம்பரும் பேரும் ரெஜிமென்ட்டும் அங்க வெட்டியிருப்பாங்க.

அடுத்த இதழ்ல சமையல் கேள்விங்களுக்கு வர்றேன். கடலூர், விழுப்புரம் பக்கத்து ஊருங்கள்ல மணிக்கூண்டுலயோ பழைய தாலுகா ஆபீஸ் சுவத்துலயோ 1914-னு போட்ட பளிங்குக் கல்லு பார்த்தவங்க ஊர் பேரோட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பெயிண்ட் அடிச்சு மறைச்சிருந்தாலும் பரவால்ல.